பதினைந்து முதல் பத்தொன்பது வரை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. முதலில் என்னை மன்னித்துவிடு. ஆளுக்கொரு போன் இருக்கும் காலத்தில் தாள் தாளாக எழுதி அனுப்புகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து படுக்கை விரித்துவிட்டு வந்து கால் நீட்டுகிற நேரத்தில் உன்னை இதைப் படிக்க வைப்பது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் என் போன் இப்போது என்னிடம் இல்லை. அம்மா போனில் கூப்பிட்டால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அங்கே பக்கத்தில் அத்தான், இங்கே பக்கத்தில் அப்பா. நாலு பேர் காது வைத்திருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியாததில்லை. உங்கள் ஹோட்டலில் சலவைப் பிரிவில் இருக்கும் அக்காவுக்கு லீவு முடிந்துவிட்டது, நாளைக்குக் கிளம்புகிறார். அவரிடம் இதைக் கொடுத்து, உன் கையில் மட்டும்தான் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "லவ் லெட்டர் மாதிரி இல்ல சொல்றே" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

இங்கே எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. ஆனாலும் மாடிப் படியில் ஒரு விரிசலைப் பார்த்துவிட்டால் கரண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். கொத்தனாராக இருந்தவரைச் சும்மா உட்காரச் சொல்லவும் முடியவில்லை. அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறாள். தண்ணீர் மோட்டார் மறுபடி தகராறு செய்தது, சரிபண்ணியாகிவிட்டது.

மாடியில் மூன்று அறையும் காலி. ஆனாலும் தினமும் காலையில் போய் விரிப்பை மாற்றி, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி மூலையை மடித்துச் சொருகிவிட்டு வருகிறேன். யாரும் படுக்காத படுக்கையை எதற்கு மாற்றுகிறாய் என்று அம்மா கேட்கிறாள்.

அக்கா, போனில் உனக்குச் சொன்னது பாதிதான். மீதியையும் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள். வரிசையாக எழுதினால்தான் நான் எந்த இடத்தில் தவறினேன் என்று எனக்கே பிடிபடுகிறது.

உன் காசில் அப்பா இந்த மாடியைக் கட்டி முடித்தபோது, குடும்பம் ஒன்றுக்கு மாத வாடகைக்கு விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பட்டம் வாங்கி வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த நான்தான், ராணுவ முகாம் நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது, ராணுவத்தாருக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று உனக்கு எழுதினேன். பயிற்சிக்கு வருகிற அதிகாரிகள், மாற்றலாகி வந்து குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை காத்திருப்பவர்கள், மகனைப் பார்க்க வருகிற பெற்றோர், இவர்களுக்கெல்லாம் பஸ் நிலையத்தை விட்டால் தங்க இடமில்லை. அதற்கு முகாமின் பட்டியலில் நம் வீடு ஏற வேண்டும். பட்டியலைப் பார்க்கிறவர்தான் சீல் அண்ணன்.

அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். வெளியே தங்குகிறவர்களின் ரசீதுக்கெல்லாம் சீல் போடுகிற கிளார்க். பயிற்சியில் விழுந்து கால் போனதால் மேசை வேலைக்கு வந்தவர். ரப்பர் ஸ்டாம்பைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவதால் தெருவே அவருக்கு அப்படிப் பெயர் வைத்துவிட்டது. முதல் தடவை வீட்டைப் பார்க்க வந்தபோது அப்பா கட்டிய படியில் ஏறிவிட்டு, "ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். இதுல ஏறி இறங்கினாலே பாதி டிரெயினிங் முடிஞ்சுரும்" என்றார். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். பிறகு அவர் மூன்று கட்டிலிலும் படுத்துப் பார்த்தார், குழாயைத் திறந்து விட்டுவிட்டு வாட்சைப் பார்த்தார், ஆளுயரக் கண்ணாடி எங்கே என்று கேட்டார். யூனிஃபார்ம் போடுகிறவனுக்கு முகம் பார்க்கிற கண்ணாடி போதாது, பூட்ஸ் வரை தெரிய வேண்டும் என்றார். அடுத்த வாரமே கண்ணாடி வாங்கினோம். இஸ்திரி மேசை, பகலில் தூங்குகிறவர்களுக்காகக் கனமான திரை, விடிகாலை நாலரைக்கு டீ, எல்லாம் அப்படி ஒவ்வொன்றாக வந்ததுதான்.

விலை விஷயத்தில்தான் உனக்கும் எனக்கும் முதல் சண்டை. நீ இரண்டாயிரத்து ஐந்நூறு என்றாய். அரசு ஒரு நாளைக்கு இரண்டாயிரம்தான் தருகிறது, அதற்கு மேல் போனால் பட்டியலில் ஏற முடியாது, அவர்களும் கைக்காசைப் போட வேண்டும் என்றேன். கடைசியில் டியூட்டியில் வருகிறவருக்கு இரண்டாயிரம், சொந்தச் செலவில் வருகிற குடும்பத்துக்கு ஆயிரத்து நானூறு என்று வைத்தோம். "உத்தரவு மாறினால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியை நான் சேர்த்தபோது, ஊரான் உத்தரவுக்கு நாம் ஏன் நஷ்டப்பட வேண்டும் என்று அத்தான் கத்தினார். ஆனால் அந்த ஒரு வரிக்காகத்தான் எல்லோரும் நம்மிடம் வந்தார்கள். ஒரு மேஜரின் மனைவி என்னைக் கூப்பிட்டு, இதை எழுதினது யாரு, எங்க வீட்டு ஆளுங்களாலகூட இப்படி யோசிக்க முடியலை என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அக்கா சொன்னாங்க என்று உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அன்றையிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. வெளியே பூனை மாதிரி இருப்பேன், உள்ளே மட்டும் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருப்பேன். யார் எத்தனை நாள் தங்குகிறார்கள், யாரோடு வருகிறார்கள், எந்தக் கிழமையில் கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதி வைப்பேன். வழக்கமாக வருகிறவர்கள் கணவன், மனைவி, சனி ஞாயிறு, இரண்டு நாள். இந்த மாதம் முதல் வாரத்தில் வந்த போன் எல்லாம் வேறு மாதிரி இருந்தது. அப்பா, அம்மா, மனைவி எல்லோரும் சேர்ந்து வருகிறார்கள். தூரத்து ஊர்களிலிருந்து வருகிறார்கள். வார நடுவில் வருகிறார்கள். எந்த நாள் வந்தாலும் பரவாயில்லை என்கிறார்கள், ஆனால் பத்தொன்பதாம் தேதிக்கு மேல் ஒரு நாள்கூட யாருக்கும் வேண்டாம். ஒருவர் இல்லை, ஏழு பேர். அதோடு நம் விரிப்புகளைத் துவைக்கிற சலவைக் கடைக்காரர், பதினெட்டுக்குள்ள யூனிஃபார்ம் அத்தனையும் வேணுமாம், உங்க துணி ரெண்டு நாள் லேட் ஆகும் என்றார்.

யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை, அக்கா. சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு படைப்பிரிவு எங்கேயோ புறப்படுகிறது, இருபதாம் தேதி வாக்கில். அதன் பிறகு கொஞ்ச நாள் நம் அறைகள் காலியாகக் கிடக்கும்.

இது புரிந்ததும் நான் செய்த காரியத்தை அப்படியே எழுதுகிறேன். பதினைந்திலிருந்து பத்தொன்பது வரை வாடகையை ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆக்கினேன். இருபதிலிருந்து பாதி விலை, எழுநூறு என்று போட்டேன். இணையத்தில் போட்டிருந்த விளம்பரத்தில் தலைப்பையும் மாற்றினேன். "புறப்படும் முன் நாலு நாள், குடும்பத்தோடு. 15 முதல் 19 வரை." அதையே பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து பஸ் நிலையப் பலகையிலும் ஒட்டினேன். ஒரே நாளில் மூன்று அறையும் நிரம்பிவிட்டது. கூடத்தில் பாய் போட்டாலும் சரி என்று கேட்டவர்களும் உண்டு. வழியனுப்ப வருகிறவர்களிடம் ஐந்நூறு கூட்டி வாங்குகிறோமே என்று எனக்கு உறுத்தவில்லை. என் கணக்கு சரியாக இருந்ததில்தான் சந்தோஷம்.

பரீட்சைத் தேதிக்கு விடுதிக்காரர்கள் விளம்பரம் போடுவதில்லையா, அதுபோல என்றுதான் நினைத்தேன். அந்தத் தேதியைப் படிக்கக் கூடாதவர்களும் படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருடம் கல்லூரியில் படித்தேன், இது தோன்றவில்லை.

பதினான்காம் தேதியே அந்தப் பிரிவினர் போய்விட்டார்கள். தேதி வெளியே வந்துவிட்டது என்று தெரிந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் ஆறு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். ஒருவருக்கும் வீட்டுக்குப் பேச நேரம் கொடுக்கவில்லை. நம் வீட்டுக்கு வர வேண்டிய குடும்பங்கள் எல்லாம் அப்போது ரயிலிலும் பஸ்ஸிலும் இருந்தன.

பதினைந்து காலையில் முதலில் வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. அவர் பஸ் கண்டக்டராக இருந்தவராம், படியேறும்போது கைப்பிடியைத் தட்டித் தட்டி ஏறினார். மகன் மூக்குக்கண்ணாடியை உடைத்துக்கொண்டானாம், புதிதாகச் செய்து எடுத்து வந்திருந்தார்கள். பார்சலில் அனுப்பினால் வளைந்துவிடும் என்று அந்த அம்மா பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் வந்திருக்கிறார். முகாம் வாசலுக்குப் போய்விட்டு மதியம் திரும்பினார்கள். அந்தப் பெரியவர் என்னிடம், "நாளைக்கு வருவாங்களாம்மா?" என்று கேட்டார். நான் வாடகைப் பணத்தைத் திருப்பி நீட்டினேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அவர் பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீ என்னம்மா பண்ணுவே" என்றார்.

கல்யாணமாகி இரண்டு மாதமான ஒரு பெண் வந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். எல்லோரும் போன பிறகும் அவள் மட்டும் நாலு நாளும் தங்கினாள். ஜன்னலைத் திறக்கவே இல்லை. டீ கொண்டுபோனால் வாங்கிக்கொள்வாள், கிளாஸ் அப்படியே திரும்பி வரும். போகும்போது பணத்தைத் திருப்பித் தந்தேன். வேண்டாம், நான் தங்கினேன் இல்லையா என்று சொல்லிவிட்டுப் போனாள். எத்தனை பேருக்குப் பணம் திருப்பிக் கொடுத்தாய் என்று நீ போனில் கோபப்பட்டபோது நான் பேசாமல் இருந்தேன், நினைவிருக்கிறதா? அந்தப் பெண் அப்போது மாடியில்தான் இருந்தாள்.

பதினேழாம் தேதி முகாமிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண் அதிகாரி, ஒரு ஆண். இருவரும் சாதாரண உடையில் இருந்தார்கள். வண்டி நின்றதுமே அம்மா எட்டிப் பார்த்துவிட்டாள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் என் நோட்டை எடுத்துப் பின்பக்கம் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்.

கூடத்தில் அப்பா என் பட்டமளிப்புப் படத்தை மாட்டி வைத்திருக்கிறாரே, அதற்குக் கீழேதான் அவர்கள் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் அதிகாரி நிதானமாகக் கேட்டார். இந்தத் தேதி உனக்கு எப்படித் தெரியும், யார் சொன்னாங்க? யாரும் சொல்லலை, நானே கணக்குப் போட்டேன் என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். அந்த ஆள் சிரித்துவிட்டார். "எங்க ஆபீஸ்லயே நாலு பேருக்குத்தான் தெரியும். நீ தலகாணி உறையை எண்ணிக் கண்டுபிடிச்சியா?" என்றார். நோட்டு இருக்கிறது, காட்டுகிறேன் என்று சொல்லத் திரும்பினேன். அம்மா முகத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் அப்பா எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. படிச்சிருக்கான்னுதான் பேரு. யாராவது சொன்னதைக் கேட்டுப் போட்டிருப்பா" என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம்கூட என் மகள் பட்டதாரி என்று சொல்கிறவர், அக்கா, நம் அப்பா. முகாமிலிருந்து வீட்டுக்கு யார் யார் வந்து போவார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். சீல் தம்பியைத் தவிர யாரும் வருவதில்லை என்றார் அப்பா. அது உண்மைதான். ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் உண்மை மாதிரிதான் இருந்தது.

அவர்கள் எழுதிய வாக்குமூலத்தில், தேதி எனக்கு எப்படித் தெரிந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை, யாராவது பேசியது காதில் விழுந்திருக்கலாம், முகாமிலிருந்து எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிறவர் இன்னார் ஒருவரே என்று இருந்தது. நான் படித்துப் பார்த்தேன். இரண்டு தடவை படித்தேன். அப்பா பேனாவை என் விரலுக்கிடையில் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். கீழே படிப்பையும் எழுதச் சொன்னார்கள், அதையும் எழுதினேன். என் போனை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் சீல் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி, முகாமுக்குள்ளேயே ஒரு அறையில் வைத்துவிட்டார்கள்.

தெருவில் என்ன பேசுகிறார்கள் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை. வாரா வாரம் ரசீதுக்குச் சீல் போட வந்தவர், வீட்டில் வயசுப் பெண், தேதியை வேறு யாருக்குச் சொல்வார்? தண்ணீர் கேன் போடுகிறவர்கூட என் முகத்தைப் பார்க்காமல் கேனை வைத்துவிட்டுப் போகிறார். அம்மா அழுகிறாள், என்னைத் திட்டவும் மாட்டேன் என்கிறாள். திட்டினாலாவது பரவாயில்லை.

இருபத்தொன்றாம் தேதி மாலை அவர் மனைவி வந்தார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார், அந்த நீலக் கோட்டோடேயே வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படியிலேயே நின்றுகொண்டு, நான் சண்டை போட வரலை, ஒரே ஒரு கேள்விதான், அவர் உனக்குத் தேதி சொன்னாரா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். "தலையை ஆட்டாதே. வாயால சொல்லு" என்றார். இல்லக்கா என்றேன். அப்படியென்றால் எழுதிக் கொடுத்தாயே, அது என்ன என்று கேட்டார். பிறகு, "கடையில மாத்திரை வாங்க வர்றவங்க, மருந்துச் சீட்டை நீட்டாம என் முகத்தையே பார்க்கிறாங்க. அவர் தப்புப் பண்ணியிருந்தா நான் தாங்கிக்குவேன். பண்ணலைன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறது அதைவிடக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கடைசிப் படி மற்றதைவிடத் தாழ்வு என்பது அவருக்குத் தெரியாது, தடுக்கினார். பிடிக்கப் போன என் கையை அவர் தொடவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி அப்பாவிடம் சலவைக் கடைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நான் முகாம் வாசலுக்குப் போனேன். தனியாகப் போனேன், அக்கா. காவல்காரரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அப்படியும் இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் தடவை அந்தப் பெண் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்து, ஐந்து நிமிடம் பார்த்தார்.

வாக்குமூலத்தை மாற்ற வேண்டும், அவர் சொல்லவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். ஏழு குடும்பம், பத்தொன்பதாம் தேதி, சலவைக் கடை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. எழுதிக்கொண்டார். ஆனால் இப்போது நீ சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அவரைக் காப்பாற்ற யோசித்துக் கட்டிய கதை என்பார்கள், ஏன் காப்பாற்றுகிறாய் என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் தயாரா என்று கேட்டார். பிறகு மெதுவாக, "நீ கணக்குப் போட்ட அன்னைக்கே எழுதினது ஏதாவது இருக்கா? இருந்தா முப்பதாம் தேதி விசாரணைக்கு முன்னாடி கொண்டு வா. இல்லைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நோட்டு எரிந்துவிட்டது என்றேன். என் போனிலிருந்து அனுப்பும் செய்திகளை நான் அவ்வப்போது அழித்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும், அந்தப் போனில் இடமே இருக்காது. அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

நான் சொல்வது நிரூபணமானால் என்ன ஆகும் என்பதையும் அவரிடமே கேட்டேன். வீடு பட்டியலிலிருந்து நிரந்தரமாகப் போகும் என்றார். என் மேல் வழக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். விளம்பரம் வீட்டு உரிமையாளர் பெயரில் இருப்பதால் உன்னையும் கேள்வி கேட்பார்கள்.

இதைத்தான் அத்தானும் போனில் சொன்னார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் வீடு தப்பும், ஆறு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள், கிளார்க்கை அவன் பாட்டைப் பார்த்துக்கொள்ள விடு என்றார். அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இந்த மாடியின் ஒவ்வொரு செங்கல்லும் நீ ஊரான் படுக்கையை விரித்துச் சம்பாதித்தது. இன்னும் இரண்டு வருடத்தில் கடனை அடைத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்று நீ நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாய். நீ பள்ளிக்கூடத்தை விட்டதால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். இதை நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் எனக்கு எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

மாதாந்திர வாடகைக்குக் கேட்டு ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்து பார்த்துவிட்டுப் போனார். நமக்கு வந்துகொண்டிருந்ததில் கால் பங்குகூட வராது. ஆனாலும் அறையில் ஆள் இருக்கும். யோசித்துச் சொல். நான் டவுனில் இரண்டு இடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் சம்பளம் முழுவதும் கடனுக்குத்தான்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். இடுப்பு வலிக்கு வாங்கின பெல்ட்டைப் பெட்டியில் வைக்காமல் கட்டிக்கொள். அத்தானிடம் என் மேல் கோபப்பட வேண்டாம் என்று சொல். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், யார் முகத்தையும் நேராகப் பார்க்க முடிகிற வாழ்வு உங்களுக்கு என்றும் வாய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உன் அன்புக்கு உரிய,
தங்கை

அக்கா, கையெழுத்துப் போட்டுக் கவரில் வைத்துவிட்டேன். பிறகு மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். கேட்காமலே முடித்துவிட்டேன்.

முகாமிலிருந்து திரும்பி நடந்து வரும்போதுதான் நினைவு வந்தது. ஐந்தாம் தேதி மாலை மொட்டை மாடியில் விரிப்பு காயப்போட்டுக்கொண்டே உனக்கு ஐந்து குரல் பதிவு அனுப்பினேன். எந்த ஏழு குடும்பம், ஏன் பத்தொன்பது, சலவைக் கடைக்காரர் என்ன சொன்னார், விலையை ஏன் ஏற்றுகிறேன், எல்லாம் அதில் இருக்கிறது. "யாரும் சொல்லலக்கா, நானே கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்திருப்பேன். நீ அதைச் சலவைப் பிரிவு முழுக்கப் போட்டுக் காட்டி, எல்லோரும் உன் தங்கச்சி கெட்டிக்காரி என்கிறார்கள் என்று பதில் போட்டாய்.

முந்தாநாள் அம்மா போனில் உன்னைக் கூப்பிட்டேன். அத்தான் எடுத்தார். அதெல்லாம் அழிச்சாச்சு, நிம்மதியா இரு என்றார். யார் அழித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நீ போனை மாற்றும்போதுகூட என் பழைய செய்திகளை விடாமல் எடுத்து வைத்துக்கொள்கிறவள்.

உன்னைக் கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் தங்கைதான் பார்த்துக்கொண்டாள் என்று சொல்லிவிடு. அதுதான் உண்மையும். வீடு போனால் அதற்கும் நானே பொறுப்பு. நீ என்னைத் திட்டி ஒரு வார்த்தை எழுத வேண்டாம், சரி என்றும் எழுத வேண்டாம். முப்பதாம் தேதிக்கு முன்னால் அந்த ஐந்தையும் அம்மா போனுக்கு அனுப்பிவிடு, அக்கா.